சித்தரத்தை சூப்பும் துளசிப் பொரியலும்: முதல் தடவை தாய் உணவகம் போகிற டெல்டாக்காரர்களுக்கு

"தாய் உணவகத்துக்குப் போலாமா அத்தை?" என்று கேட்டேன். "அம்மா உணவகமா? அங்க எதுக்குடா, வீட்லயே இட்லி இருக்கே" என்றார் அத்தை. அது தாயாருடைய உணவகமில்லை, தாய்லாந்துச் சாப்பாடு என்று புரியவைத்து, கும்பகோணத்திலிருந்து நாலு பேரைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எனக்கே பசி போய்விட்டது.

போன இடத்தில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தோம். ஹோட்டலில் ஆளுக்கொரு தோசை சொல்வதுபோல ஆளுக்கொரு பதார்த்தம் சொன்னோம். நான் டாம் யம் சூப் வாங்கி, அதில் மிதந்த கட்டையையெல்லாம் மென்று பார்த்தேன். பெரியப்பா கிரீன் கறியைச் சோறில்லாமல் கிண்ணத்தோடு குடித்துவிட்டு, "என்னடா, பாயசத்துல மொளகாயப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். தங்கச்சிக்கு வந்த நூடுல்ஸ் தித்தித்தது. அத்தை சிவதீட்சை வாங்கியவர், கவிச்சி தொடமாட்டார். அவருக்கென்று கேட்டுக்கேட்டு வாங்கிய 'வெஜ்' கறியின் மசாலா விழுதில் இறால் உண்டு என்பது பாதி சாப்பிட்ட பிறகு தெரிந்தது. திரும்பும் வழியில் நான்கு பேரும் ரவா தோசை சாப்பிட்டோம்.

அதன் பிறகு ஏழெட்டுத் தடவை போயாயிற்று. இப்போது அத்தையே "எப்படா போறோம்" என்று கேட்கிறார். நடுவில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், அது என்ன கடை என்று பாருங்கள்

தஞ்சாவூர், திருச்சி பக்கம் 'தாய்' என்று பலகையில் இருந்தாலும் உள்ளே நடப்பது மூன்று வகை. ஒன்று, நம் ஊர் சைனீஸ் கடையே மெனுவில் ஒரு பக்கம் கூட்டிக்கொண்டது. கோபி மஞ்சூரியனுக்குக் கீழே 'தாய் ஃபிரைடு ரைஸ்', 'தாய் சிக்கன்' என்று இருக்கும். ஃபிரைடு ரைஸ் மேல் இனிப்பு மிளகாய் சாஸ் ஊற்றினால் அது தாய் ஆகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் அதை வைத்துத் தாய்ச் சமையலை எடைபோட வேண்டாம். இரண்டாவது, சீனா, ஜப்பான், தாய்லாந்து எல்லாம் கலந்த கடை. மூன்றாவது, தாய்ச் சாப்பாடு மட்டும் போடுகிற இடம். டெல்டாவில் அது அபூர்வம்.

மெனுவைப் புரட்டினால் தெரிந்துவிடும். கறிகள் நிறம் பிரித்துப் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று இருக்கிறதா, மசமன் என்று ஒன்று இருக்கிறதா, டாம் யம் சூப்போடு டாம் கா சூப்பும் இருக்கிறதா, ஜாஸ்மின் ரைஸ் தனியாகக் கிடைக்கிறதா? நான்கில் மூன்று இருந்தால் தைரியமாக உட்காரலாம். தாய்லாந்து வணிக அமைச்சகம் வெளிநாட்டுக் கடைகளுக்குத் 'தாய் செலக்ட்' என்று ஒரு முத்திரை தருகிறது. அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

சைவம் சாப்பிடுபவர் கூட வந்தால், முதல் நாளே போன் செய்யுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள். நம் ஊரில் 'வெஜ்' என்றால் கவிச்சி அண்டாதது என்று அர்த்தம். தாய்ச் சமையலில் காய்கறி மட்டும் போட்டிருந்தாலே பேச்சுவழக்கில் அது காய்கறிப் பதார்த்தம்தான், உப்புக்குப் பதில் மீன் சாஸ் ஊற்றியிருந்தாலும்.

மீன் சாஸ், அவர்கள் சொல்லில் 'நாம் ப்லா', நெத்திலி மாதிரி சின்ன மீனையும் உப்பையும் சேர்த்து ஊறப்போட்டு, ஒரு வருஷம் அல்லது அதற்கும் மேல் விட்டு வடிக்கிற தெளிவான நீர். அவர்கள் சமையலில் உப்பு என்பதே பெரும்பாலும் இதுதான். அடுத்தது கபி என்கிற இறால் விழுது. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: சென்னாக்கூனி. அதை உப்பிட்டு, புளிக்கவைத்து, அரைத்துக் காயவைத்தால் வருவது. பச்சை, சிவப்புக் கறிகளின் மசாலா விழுதிலேயே இது கலந்திருக்கும். கடைக்காரர் பொய் சொல்லாமலே "சிக்கன் போடல சார், வெஜ்தான்" என்று சொல்ல முடிவது இதனால்தான். இவை போக பொரியல்களில் சிப்பி சாஸ், பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால், நூடுல்ஸில் முட்டை.

ஆகவே "வெஜ் இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "கறி விழுது நீங்களே அரைக்கிறீர்களா, டப்பாவில் வாங்குகிறீர்களா? அதில் இறால் உண்டா?" என்று கேளுங்கள். டப்பா என்றால் லேபிளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இறால் சேராத விழுதும் கடையில் கிடைக்கிறது. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் முன்னால் சொன்னால் பல கடைகளில் செய்கிறார்கள். ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்கு டேபிளில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது.

தாய்லாந்தில் சுத்த சைவத்துக்குத் தனிச் சொல்லே உண்டு: 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கவிடுவார்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் ஜே விரதம் உண்டு, பூக்கெட் தீவில் அது பெரிய விழா. ஜே சாப்பாட்டில் மீன், முட்டை மட்டுமில்லை, வெங்காயம் பூண்டும் கிடையாது. இதைக் கேட்டதும் அத்தைக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை வந்துவிட்டது. ஆனால் நான் போன இடங்களில் சமையற்காரர்கள் நேபாளம், வடகிழக்குப் பக்கத்துப் பையன்கள். அவர்களிடம் 'ஜே' என்றால் விழிப்பார்கள், விவரமாகச் சொல்லிவிடுவதே மேல்.

ஹலால் பார்ப்பவர்கள் அதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். தாய்ச் சமையலில் பன்றி இறைச்சி சாதாரணம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சாலட், மசமன், நூடுல்ஸ் என்று எங்கும் கடலை வரும்.

ஆளுக்கொன்று சொல்லாதீர்கள்

எங்கள் முதல் தடவை கெட்டதற்குப் பாதிக் காரணம் இது. தாய்ச் சாப்பாடு தோசை மாதிரி இல்லை, இலைச்சாப்பாடு மாதிரி. நடுவில் சோறு, சுற்றிலும் புளிப்பு, காரம், இனிப்பு, உப்பு என்று ஆளுக்கொரு வேலையைப் பார்க்கிற பதார்த்தங்கள். யாராவது நம் வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் வத்தக்குழம்பை மட்டும் எடுத்துக் குடித்துவிட்டு "ரொம்பக் காரம்ங்க" என்றால் எப்படி இருக்கும்? பெரியப்பா கிரீன் கறியைக் குடித்ததும் அப்படித்தான்.

நான்கு பேருக்கு ஒரு சூப், ஒரு தேங்காய்ப்பால் கறி, ஒரு வதக்கல், ஒரு சாலட், ஆளுக்கொரு கிண்ணம் சோறு போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சூப்பை முதலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அதைக் குடித்து முடித்து உட்கார்ந்திருப்பீர்கள். தாய்லாந்தில் சூப்பும் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவதுதான், நமக்கு ரசம் மாதிரி.

சோறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பொன்னி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஜாஸ்மின் ரைஸைப் பார்த்ததும் "குழைய விட்டுட்டானே" என்று தோன்றும். குழையவில்லை, அந்த அரிசியே கொஞ்சம் ஒட்டும். வாசனை சீரகச் சம்பா மாதிரி தூக்கலாக இராது, மெல்லியதாக இருக்கும். முதல் தடவையாவது ஃபிரைடு ரைஸ் வேண்டாம். வெறும் சோறாக வாங்குங்கள், அப்போதுதான் கறியின் ருசி தெரியும்.

எதில் ஆரம்பிப்பது

மசமன் கறி. யோசிக்கவே வேண்டாம். பட்டை, கிராம்பு, ஏலக்காய், தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, கொஞ்சம் புளி. 'முசல்மான்' என்ற சொல்லே மசமன் ஆனது என்பார்கள். நம் குருமாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மஞ்சள் கறியும் வயசானவர்களுக்குச் சரிப்படும். அதற்கு அங்கே பெயரே 'கேங் கரி', அந்தக் கரி நம் கறிதான்.

கிரீன் கறியைப் பெயர் பார்த்து ஏமாறாதீர்கள். அதன் தாய்ப் பெயரில் 'வான்' என்று வருகிறது, இனிப்பு என்று பொருள். ஆனால் அது பச்சையின் இளநிறத்தைச் சொல்வது. பச்சை மிளகாயை அரைத்துப் போடுவதால் பல இடங்களில் சிவப்புக் கறியைவிட இதுதான் உறைக்கும். இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பில் டாம் யம்தான் பேர் போனது. இறால் போட்ட டாம் யம் குங், 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. ஆனால் முதல் தடவைக்கு என் ஓட்டு டாம் காவுக்கு. தேங்காய்ப்பால் விட்டிருப்பதால் புளிப்பும் காரமும் அடங்கி இருக்கும். 'கா' என்றால் என்ன தெரியுமா? அரத்தை. சளி பிடித்தால் பாட்டி வாயில் அடக்கிக்கொள்ளத் தருகிற சித்தரத்தை இருக்கிறதே, அதன் அண்ணன் பேரரத்தை. நாட்டுமருந்துக் கடையில் காய்ந்த துண்டாக வாங்குவதை அவர்கள் பச்சையாக நறுக்கிச் சூப்பில் போடுகிறார்கள்.

இந்தச் சமையலில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். புதுச் சாமான் என்று பயந்து போனால், எல்லாம் நமக்குத் தெரிந்த ஆட்கள், வேறு இடத்தில் நிற்கிறார்கள். அரத்தை மருந்துப் பெட்டியிலிருந்து அடுப்புக்கு வந்திருக்கிறது. சூப்பில் ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை இலை ஒன்று கிடக்கும். கசக்கி முகர்ந்தால் நாரத்தை இலை வாசனை, நேராக நம் வேப்பிலைக்கட்டிதான் ஞாபகம் வரும். இரண்டும் எலுமிச்சைக் குடும்பம். கறியில் மிதக்கிற, சோம்பு வாசனை அடிக்கிற இலை திருநீற்றுப்பச்சிலைக்குச் சொந்தம், சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அந்தச் செடியில் வருவதுதான். புளி இருக்கிறது, பனைவெல்லம் இருக்கிறது.

அதிர்ச்சி தருவது ஒன்றுதான்: பாட் க்ரபாவ். க்ரபாவ் என்றால் துளசி. மாடத்தில் வைத்துச் சுற்றிவருகிற அதே துளசி. அதைக் கொத்துக்கறியோடும் மிளகாய் பூண்டோடும் போட்டு வதக்கி, சோற்றில் தள்ளி, மேலே ஒரு பொரித்த முட்டை வைப்பார்கள். தாய்லாந்தில் அவசரத்துக்குச் சாப்பிடுகிற அன்றாடச் சாப்பாடு. "பெருமாளுக்குச் சாத்தறதப் போட்டா கறி வதக்கறான்?" என்று அத்தை எழுந்துபோகப் பார்த்தார். கூட யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு மேல் துளசி போடுவதுமில்லை, வேறு இலையைப் போட்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

சாலட்டில் சோம் தம். பப்பாளிக்காயைச் சீவி, காராமணிக்காய், தக்காளி, மிளகாய், வெல்லம், எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டு உரலில் லேசாக இடிப்பது. கர்ப்பிணி யாராவது கூட வந்தால் மேஜையில் உள்ள பெரியவர்கள் பப்பாளிக்காய் என்றதும் கலவரம் பண்ணுவார்கள். சண்டை எதற்கு, மாங்காய் சாலட் சொல்லிவிடுங்கள். அது இன்னும் நமக்கு நெருக்கம்.

பாட் தாய் நூடுல்ஸ் எல்லாருக்கும் தெரிந்த பெயர் என்பதால் எல்லாரும் சொல்கிறார்கள். 1938 முதல் 1944 வரை பிரதமராக இருந்த பிபுல் சொங்க்ராம் காலத்தில் அரசாங்கமே பரப்பிய பதார்த்தம் அது. சயாம் என்ற நாட்டுப் பெயர் 1939இல் தாய்லாந்து ஆனதும் அவர் ஆட்சியில்தான். புளி, வெல்லம், மீன் சாஸ் சேர்ந்த ருசி. நன்றாகச் செய்தால் நன்றாக இருக்கும், நம் பக்கம் பெரும்பாலும் தித்திப்பு தூக்கிவிடுகிறது. குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

காரம்

"நாங்க ஆந்திராக் காரமே சாப்பிடுவோம்" என்று வெயிட்டரிடம் வீரம் பேசாதீர்கள். அங்கே போடுகிற குட்டி மிளகாய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'பிரிக் கீ நூ', எலிப்புழுக்கை மிளகாய் என்று அர்த்தம். நம் காந்தாரி, ஊசி மிளகாய் ரகம். சாலட்டில் இரண்டு மிளகாய் என்று எண்ணிக்கையாகவே சொல்லலாம், அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். உறைத்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், ஒரு வாய் வெறும் சோறு அல்லது தேங்காய்ப்பால் கறி எடுத்துக்கொள்ளுங்கள்.

மேஜையில் நான்கு சின்னக் கிண்ணம் இருக்கலாம்: சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் போட்ட மீன் சாஸ். நூடுல்ஸில் வேண்டிய அளவு சேர்த்துக்கொள்வதற்கு. ஊறுகாய் என்று நினைத்து அத்தை பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

சாப்பிடும் விதம்

குச்சியைத் தேடவேண்டாம். தாய்க்காரர்கள் சோற்றை ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார்கள். வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க். ஃபோர்க் வாய்க்குப் போகாது, சோற்றை ஸ்பூனுக்குத் தள்ளிவிடும் வேலை மட்டும். குச்சி, நூடுல்ஸ் சூப்புக்கு. ஒட்டரிசிச் சோற்றைக் கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிடுவார்கள், அங்கே நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

நாம் வழக்கமாகத் தவறுவது, கிண்ணத்துக் கறியை முழுக்கச் சோற்றில் கவிழ்த்துப் பிசைவது. அப்படிச் செய்யாமல், ஒரு பதார்த்தத்தில் இரண்டு ஸ்பூன் எடுத்துத் தட்டோரம் விட்டு, அதைச் சோற்றோடு தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சூப்பில் கிடக்கும் புல்தண்டு, அரத்தைத் துண்டு, இலை எதையும் மெல்லவேண்டாம். ரசத்துக் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல ஒதுக்குங்கள். நான் மென்றது எலுமிச்சைப்புல்லின் தண்டு. துடைப்பக்குச்சியை மென்ற மாதிரி இருந்தது.

சாப்பாடு வரும்வரை பேசிக்கொண்டிருக்க

கொஞ்சம் தாமதமாகும். கூட வந்தவர்கள் முனகினால் இதை எடுத்துவிடுங்கள். தஞ்சைப் பெரியகோயிலில் ராஜேந்திர சோழனின் கடல்கடந்த வெற்றிகளைச் சொல்லும் கல்வெட்டில் மாதமாலிங்கம், தலைத்தக்கோலம் என்று இரண்டு ஊர் வருகின்றன. இரண்டையும் இன்றைய தென் தாய்லாந்தில்தான் ஆய்வாளர்கள் வைக்கிறார்கள்: நாகோன் சி தம்மராட், தகுவா பா. தகுவா பாவில் அதற்கும் முந்தைய, ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. 'அவனிநாரணம்' என்று ஒரு குளம், அதைக் காக்கிற பொறுப்பில் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினர். வெளியூர் போனாலும் நம் ஆள் முதலில் குளம்தான் வெட்டியிருக்கிறான். பாங்காக் அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி நடத்துகிற 'திரியம்பாவாய்' சடங்கில் திருவெம்பாவை இன்றும் ஒலிக்கிறது.

மிளகாய் விஷயமும் பேசலாம். போர்த்துக்கீசியர் கொண்டுவரும்வரை அவர்களுக்கும் நமக்கும் மிளகாய் கிடையாது, மிளகுதான். நாம் வந்ததை மிளகு காய் என்று மிளகாய் ஆக்கினோம். அவர்களோ மிளகுக்கு இருந்த 'பிரிக்' என்ற பெயரைத் தூக்கி மிளகாய்க்குக் கொடுத்துவிட்டு, பழைய மிளகை 'பிரிக் தாய்' என்று தனியாகச் சொல்கிறார்கள்.

இனிப்பு, பில், பார்சல்

மாம்பழம் போட்ட ஒட்டரிசி இருந்தால், அதுவும் சித்திரை வைகாசியாக இருந்தால், விடாதீர்கள். ஒட்டரிசியை ஊறவைத்து ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பாலில் புரட்டி, பக்கத்தில் பழம் நறுக்கி வைப்பார்கள். கவுனி அரிசி சாப்பிட்டவர்களுக்குப் பல்லில் அது மெல்லும் விதம் பழக்கமானதே. மேலே ஊற்றுகிற தேங்காய்ப்பாலில் உப்புக் கரிக்கும். சமையற்காரர் மறந்து போட்டதில்லை, வேண்டுமென்றேதான்.

பில்லில் தனிக் கடை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம். 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அது கட்டாயமில்லை. பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. மரியாதையாகச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்திருந்தால் அவன் கையிலேயே கொடுங்கள்.

மிச்சம் இருந்தால் சோற்றையும் கறியையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். நூடுல்ஸைக் கட்டாதீர்கள், வீடு வருவதற்குள் களியாகிவிடும். தேங்காய்ப்பால் கறி என்பதால் வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் கொதிக்கவிடாமல் லேசாகச் சூடு பண்ணுங்கள். மசமன் என்றால் ஆறு இடியாப்பம் பிழிந்தால் போதும். பெரியப்பா எட்டு என்பார்.